கவிழ்ந்த படகின் அடியில்

பாபகூரா நகரைத் தாண்டி, கடலோரத்தில் இருக்கிறது இந்தச் சிறுவர் கோடை முகாம். தங்க வரும் பிள்ளைகள் முதல் நாளில் துடுப்புப் படகைத் தாமே கவிழ்த்து, நீருக்கடியிலிருந்து அதைத் தட்டிய பிறகே வெளியே வரவேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். இப்போது என் பேத்தியின் முறை. அவளுடைய தகப்பனை, என் மகனை, சென்ற ஆண்டு கடல் கொண்டுபோயிற்று.

படகு கவிழ்கிறது. ஓசை ஏதும் இல்லை.

“இன்னும் தட்டேல்லையே, பிள்ளை” என்கிறேன், அருகில் நிற்கும் முகாம் பொறுப்பாளரிடம். அவர் யாழ்ப்பாணத்துப் பெண்.

“தட்டுவா ஐயா. எங்கட ஆள் பக்கத்திலதானே நிக்கிறார். நீங்கள் முதல்ல மூச்சை விடுங்கோ.”

தட்டும் ஓசை கேட்கிறது. பேத்தி தண்ணீர் சொட்ட எழுந்து, என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிக்கிறாள். நானும் கையசைக்கிறேன். அவள் படகை நிமிர்த்தி ஏறி, எனக்காக மறுபடியும் கவிழ்க்கிறாள்.