மூன்றாவது மேடையில் பச்சைத் தண்ணீர்

படகுத்துறையில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பெயர். படகுகளின் கழிப்பறைத் தொட்டியில் சேர்ந்ததைக் குழாய் போட்டு உறிஞ்சி, கரையிலுள்ள பெரிய தொட்டிக்கு அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதைச் செய்கிறவளுக்கு, காற்று திரும்பினாலே எந்தப் படகின் மூடி சரியாக மூடவில்லை என்று தெரிந்துவிடும்.

அந்தக் கோடையில், படகுகளைக் கட்டும் மூன்றாவது மேடையருகே தண்ணீர் கலங்கி நுரை தள்ளியது. கல்லில் ஒட்டியிருந்த சிப்பிகள் வாய் பிளந்து செத்தன. பக்கத்துக் கடற்கரையில் குளிக்கத் தடை போட்டார்கள். யாரோ தொட்டியைத் திருட்டுத்தனமாகக் கடலில் திறந்துவிடுகிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். கண் விழுந்தது, அந்த மேடையில் கட்டியிருந்த, ஓய்வுபெற்ற கேப்டனும் மனைவியும் குடியிருந்த வெள்ளைப் படகு மேல்.

“ரெண்டு பேர் இருக்கற படகுங்க. மாசத்துக்கு ஒரு தடவைதான் காலி பண்ண வர்றாங்க. மிச்சமெல்லாம் எங்க போகுது?” என்று கணவனிடம் கேட்டாள். அந்தப் படகின் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவன்தான்.

“சும்மா இருக்கறவங்க மேல பழி போடாத,” என்றான், முகம் பார்க்காமல்.

அது அவளை அரித்தது. தொட்டியைக் கடல் பக்கம் திறந்துவிடும் வால்வைத் திருகிக் கொடுத்ததே இவன்தானோ? அவன் குளிக்கப் போனதும் கருவிப் பையைக் கிளறினாள். ஒன்றும் அகப்படவில்லை. வேறெங்கோ ஒளித்திருப்பான் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை, தொட்டியில் போட்டால் கழிவைப் பச்சையாக்கும் சாய மாத்திரையோடு வெள்ளைப் படகில் ஏறினாள். “சோதனைங்க ஐயா. எல்லாப் படகுக்கும்தான்,” என்று பொய் சொன்னாள்.

“தாராளமா போடும்மா.”

அவர் உடனே சம்மதித்ததும் சந்தேகமாகவே இருந்தது. மதியம்வரை மேடையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீரில் நிறமே இல்லை. பிறகு கேப்டனே தொட்டியைக் காலி செய்யப் படகைக் கொண்டுவந்தார். குழாயை மாட்டி பம்பைப் போட்டாள். சற்று நேரத்தில் அவர் கையை நீட்டினார்.

“அங்க பாரும்மா.”

மேடையோரம் இருந்த அவளுடைய பம்ப் அறைக்குக் கீழே, கல் இடுக்கிலிருந்து பச்சைப் பசேலென்று கசிந்துகொண்டிருந்தது. ஓட்டை, அவள் பம்பிலிருந்து கரைத் தொட்டிக்குப் போகும் குழாயில்தான்.

“நாங்க கரைக் கழிப்பறைக்குத்தான் நடந்து போறோம். நீ என்கிட்ட கேட்டிருக்கலாம்,” என்றார். திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் போய்ச் சொன்னதும் படகுத்துறை மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “வெளியில சொல்லாதம்மா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

“அதுவரைக்கும் கடல்ல விடச் சொல்றீங்களா சார்?” பம்பை அணைத்துப் பூட்டினாள். சுகாதார அலுவலகத்துக்கு அவளே போன் செய்தாள்.

தரையைத் தோண்டினார்கள். குழாய் மூட்டு விட்டுப்போயிருந்தது. புதுக் குழாய் போட மூன்று வாரமானது.

அந்த வேலை முடிந்த அன்றிரவு, கணவனிடம் பையைக் கிளறியதையும் ஒப்புக்கொண்டாள்.

“என்னையுமா சந்தேகப்பட்ட?”

“உங்களையுந்தான்.”

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனவள், பம்பருகே அவன் குனிந்து புதுக் குழாயில் அழுத்தமானி பொருத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

“முள்ளு இறங்கினா குழாய் ஒழுகுதுன்னு அர்த்தம்,” என்றான். “அந்த ஸ்பேனரை எடு.”