என் பங்குக்கு ஒரு ரொட்டி

மேற்கு ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் நாள், விடுதியின் காலைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டியை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, இங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மதியம் சூப்போடும் ரொட்டி வந்தது. சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பெயரே ‘ஆபெண்ட்புரோட்’, அதாவது அந்தி ரொட்டி. மூன்று வேளையும் காய்ச்சல்காரர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இவர்கள் எப்படி இவ்வளவு வாட்டசாட்டமாக இருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. மாரண்டஹள்ளிப் பக்கம் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நமக்குக் களி உண்டு, சோறு உண்டு, அவரைக்கொட்டைக் குழம்பு உண்டு. ரொட்டி என்பது படுத்த படுக்கையானால்தான். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் மெழுகுத்தாள் சுற்றிக் கொடுப்பார்கள், பாலில் நனைத்து ஊட்டுவார்கள். அதற்கு ஆசைப்பட்டே எனக்கும் தம்பி சூசைக்கும் மாறி மாறிக் காய்ச்சல் வரும். ஆனால் ரொட்டி தனியாக வராது. யாராவது கையில் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்க வருவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது கண் தானாகக் கதவுப் பக்கம் போகிறது. ரொட்டி வந்துவிட்டதே, ஆள் எங்கே என்று.

அப்பா ஒருமுறை கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தக்காளிக் கூடைகளோடு வரும் முதல் பஸ்ஸிலிருந்தே ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தமில்லை. வந்தவர்கள் “எப்படி இருக்குதுங்க?” என்று கேட்பார்கள், “இருக்குது” என்பார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. பிறகு உட்காருவார்கள். ஸ்டூல் கிடைத்தால் ஸ்டூலில், இல்லாவிட்டால் தரையில். அந்த உட்காருதலுக்காகத்தான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பாலக்கோட்டில் பஸ் மாறி வந்திருப்பார்கள். “வேலைய வுட்டுட்டு நீ எதுக்கு வந்த?” என்று அப்பா கடிந்துகொள்வார். அவருக்குத் தெரிந்த நன்றி அதுதான். கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாதே, மறுபடி அங்கே வருகிற நிலைமை யாருக்கும் வேண்டாமே. திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் காலியாக இருக்கும், அதன்மேல் ரொட்டி இருக்கும்.

இங்கே ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ‘டெர்மீன்’, அதாவது முன்கூட்டியே நாளும் நேரமும், வாங்க வேண்டும். டாக்டரிடம் மட்டுமல்ல, கூட வேலை செய்பவளோடு காப்பி குடிக்கவும் டைரியைப் பிரித்து நாள் குறிக்கிறார்கள். ஒரு காப்பிக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்தவளிடம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் குறித்த நாளில் அவள் கேக் செய்து, மெழுகுவத்தி ஏற்றி, சன்னலோரம் காத்திருந்தாள். இவர்களிடம் மனமில்லை என்று சொன்னால் பாவம். நேரத்தை நாம் தண்ணீர் மாதிரி மொண்டு கொடுக்கிறோம், இவர்கள் மருந்து மாதிரி அளந்து கொடுக்கிறார்கள்.

விடுதியை விட்டு நான் குடிவந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஃபிராவ் கெல்லர் என்றொரு விதவை. நான் கடுகு தாளித்தால் கைத்தடியால் மேல்கூரையைத் தட்டுவாள். எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை பெரும்பாலும் அந்தத் தட்டல்தான். ஒரு குளிர்காலத்தில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே அவளைக் கொண்டுவந்தார்கள். வேறு வார்டு. எனக்கு ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையை மாற்றிக்கொண்டு, கடையில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். ரொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரொட்டி வாங்கிப் போகிறோமே என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்க என் கால் நகரவில்லை.

“வேலை நேரமா, ஷ்வெஸ்டர்?” என்றாள். இங்கே நர்சைச் சகோதரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

“இல்லை, முடிந்துவிட்டது.”

“பிறகு எதற்கு வந்தீர்கள்?”

“உங்களைப் பார்க்க.”

அவள் ரொட்டியைப் பார்த்தாள். “இங்கே சாப்பாடு போதவில்லை என்று நான் யாரிடமும் புகார் செய்யவில்லையே.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நம்மூர் வழக்கப்படி சும்மா உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளிறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, “டாக்டர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா? என்னிடம் மறைக்க வேண்டாம்” என்றாள். வேலையில்லாத ஒருத்தி வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தால், தான் சாகப்போகிறோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை, எங்கள் ஊரில் இப்படித்தான் என்று தெரிந்த ஜெர்மன் வார்த்தைகளையெல்லாம் போட்டு விளக்கினேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, நானும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போனபோது, “நேற்று கோபித்துக்கொண்டு போய்விட்டீர்கள்” என்றாள். அதற்கும் விளக்கம் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “சரி, சொல்லாமலே போங்கள். ஆனால் நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்” என்றாள்.

அவளுடைய மகள் கனடாவில் இருந்தாள். அங்கிருந்தே கடைக்குச் சொல்லிப் பூங்கொத்து அனுப்பினாள். பூ வந்த அன்று ஃபிராவ் கெல்லர் அதைச் சன்னலில் வைக்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்று வார்டு நர்ஸ் சொன்னாள்.

அப்போதுதான் எங்கள் வீட்டிலிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, தருமபுரியில் ஆபரேஷன். அப்பா போன பிறகு அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு லீவு கிடைக்கவில்லை, விமான டிக்கெட்டை நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஊர் பேர் தெரியாத எத்தனையோ தாய்மார்களைப் புரட்டிப் படுக்கவைத்து, தலைவாரி, வாயில் ஊட்டியிருக்கிறேன். என் அம்மாவின் கட்டிலோரம் மகள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. தம்பி இருப்பான், ஊரே வரும், எல்லாம் தெரியும். ஆனாலும் யாரோ ஒருத்தி ‘பொண்ணு வரலீங்களா?’ என்று கேட்பாள், அம்மா பதில் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் ஃபிராவ் கெல்லர் பக்கத்தில்தான் நான் போய் உட்கார்ந்தேன். அவளுக்காகப் போகிறேனா, எனக்காகப் போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அடுத்த தந்தி வந்தது. அப்புறம், ஃபிராவ் கெல்லர் வீடு திரும்பி ஊன்றுகோலோடு நடமாடத் தொடங்கிய சமயம், சூசையிடமிருந்து ஒரு கேசட் வந்தது. டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருக்கிறான். “எல்லாரும் பிலோமி அக்காகிட்ட எதுனா பேசுங்க” என்று அதிகாரம் செய்கிறான். “என்னத்தடா பேசறது? நல்லாத்தான் இருக்கறாங்கன்னு சொல்லு” என்கிறது ஓர் ஆண் குரல். அதன் பிறகு யாரும் பேசவில்லை. மின்விசிறி கிறீச்சிடுகிறது. யாரோ இருமுகிறார்கள். மெழுகுத்தாள் பிரிபடுகிறது. கன்னடம் பேசும் பக்கத்துக் கட்டில்காரி “ஊட்ட ஆயித்தா?” என்று சாப்பாட்டை விசாரிக்க, அம்மா மெல்ல “ஆயித்து” என்கிறாள். நான் சமையலறையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தப் பேச்சில்லாததிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் குரல் மறுபடி வந்தது.

“சலேத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு. கெளம்பு. ஆட்ட யாரு கட்டுவா?”

சலேத்மேரி அத்தை எங்களுக்கு அடுத்த வீடு. நான் ஊரை விட்டு வரும்போது அவளுக்கும் அம்மாவுக்கும் பேச்சு இல்லை. அவளுடைய ஆடு எங்கள் அவரைக்கொடியை ஒரு இலை மிச்சமில்லாமல் மேய்ந்திருந்தது. அம்மா கவலைப்படுவது அதே ஆட்டைப் பற்றித்தான்.

“எம் பங்கு அப்பவே முடிஞ்சிருச்சு அண்ணி. இப்ப பிலோமி பங்குக்கு உக்காந்துகிட்டிருக்கறன்.”

“அதுக்குத்தான் ரொட்டி ரெண்டா?”

“ஒன்னு என்து. ஒன்னு அவளுது. அவ வந்திருந்தா எவ்ளோ நேரம் உக்காந்திருப்பா?”

“அவ வந்திருந்தா பொழுதுக்கும் உக்காந்திருப்பா.”

“அப்ப நானும் பொழுதுக்கும் உக்காந்துக்கறன். நீங்க சும்மா படுங்க.”

அதைக் கேட்டதும் அழுதேன், அதை மறைப்பானேன். பதில் கேசட்டில் அத்தைக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று பொத்தானை அழுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தேன். இந்த நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை ‘டாங்கெ’ சொல்கிறேன், கதவைப் பிடித்தவருக்கு, உப்பை நகர்த்தியவருக்கு. அத்தைக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. சொன்னால் அவள் செய்ததை இறக்கிவைத்தது போலாகிவிடும் என்றிருந்தது. கடைசியில், “அத்தை, ஆடு நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேசட்டைக் கீழே கொண்டுபோய் ஃபிராவ் கெல்லருக்குப் போட்டுக் காட்டினேன். மின்விசிறிச் சத்தம் வந்ததும், “பழுதாகிவிட்டதா?” என்று கேட்டாள்.

“இல்லை. உட்கார்ந்திருக்கிறார்கள்.”

அவள் தலையசைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டாள். ஒரு பக்கம் முழுவதையும் கேட்டாள், கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அத்தை பேசியதைச் சொன்னபோது சன்னல் பக்கம் திரும்பி, “மகளின் பங்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு என் கையை லேசாகத் தட்டினாள். கேசட் ‘டக்’கென்று நின்றது.

“கிளம்பிவிட்டார்களா?” என்றாள்.

“தெரியவில்லை” என்றேன். “அங்கே யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.”

அம்மா வீட்டுக்கு வந்து, எழுந்து நடந்து, அவரைக்கொட்டை விதைத்தும் ஆயிற்று. ஆனால் கேசட்டில் அத்தை இன்னும் கிளம்பவில்லை, என் பங்குக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் இருக்கிறாள். கனடாக்காரியின் பங்குக்கு நான் சாயங்காலங்களில் கீழே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பிலோமி அங்கேயும் இருக்கிறாள், கீழ்த்தளத்திலும் இருக்கிறாள். காலையில் இங்கே தனியாக உட்கார்ந்து, கதவைப் பார்த்தபடி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பவள் யாருடைய பங்குக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.