நிலத்தில் படாத ரயர்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் ஓடியதை விட நின்றதுதான் கூட. வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருடம் என் கணவர் அதைப் புதிதாக வாங்கினார். சுன்னாகத்திலிருந்து வீடு வரைக்கும் ஓட்டி வந்தார், அவ்வளவுதான். இரண்டு பனங்குற்றிகளின் மேல் ஏற்றி, சில்லு இரண்டும் நிலத்தில் படாமல் அறைக்குள் நிறுத்தி, என்னுடைய பழைய சேலையால் மூடிவிட்டார். மகளுக்குச் சீதனத்தில் கொடுப்பதற்கென்று வாங்கியது. மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"நிலத்திலை படாத ரயர் தேயாது" என்பார். தோட்டத்துக்குச் சைக்கிளில்தான் போவார். யாரும் ஆத்திர அவசரத்துக்கு இரவல் கேட்டால், "அது மருமோன்ரை சாமான். நான் எப்பிடிக் குடுக்கிறது?" என்று சொல்லி அனுப்பிவிடுவார். மருமகன் யாரென்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் சேலையை விலக்கிவிட்டு, மண்ணெண்ணெய் தொட்ட சீலைத் துண்டால் ரயர்களைத் துடைப்பார். புதுக் கறுப்பாக மினுங்கும். பிறகு சண்டையில் பாதை பூட்டி, மண்ணெண்ணெய் விளக்குக்கே கிடைக்காமல் போனது. ஜாம் போத்தலுக்குள் ஒரு நூல் திரியைப் போட்டு அந்த வெளிச்சத்தில் சாப்பிட்டோம். அப்போதும் ரயருக்கு உரியது குறையவில்லை. எண்ணெய் றப்பரைத் தின்னும் என்று எங்களுக்கு யார் சொல்வது? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இவரும் அப்படித்தான்.

மகளுக்கு வயது ஏறியது. அவளோடு படித்த பொடியன்களில் வெளிநாடு போனவர்கள் போக, மற்றவர்களைப் பற்றிக் கேட்காமல் இருப்பதே நல்லது. வந்த சாதகங்கள் எல்லாம் திரும்பிப் போயின. கடைசியாகச் சாவகச்சேரிப் பக்கத்தில் கிளாக்கர் வேலை பார்க்கும் ஒருவருடைய சாதகம் பொருந்தியது. அவருக்குச் சைக்கிள் மிதித்து நெஞ்சு நோவு. மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் மனம் வைத்தார்கள். இதுவும் போனால் பிறகு ஒன்றும் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியதும் இவர் சில்லுகளுக்குக் காற்றடித்தார். பின் ரயரின் பக்கம் வெடித்து வாயைப் பிளந்தது. ஒரேயொரு நாள் தெருவைக் கண்ட ரயர். அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இவர் கனநேரம் இருந்தார்.

கடைகளில் ரயர் இல்லை. ஆமிக்காரர் உள்ளே கொண்டுவரவும் விடமாட்டார்கள். சந்தியில் ரயர் ஒட்டுகிறவர் எங்கேயோ தேடிப் பிடித்து, பழைய ரயர்கள் இரண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றில் வரிகள் புதிது போலக் கிடந்தன. மற்றது வழுவழுவென்று மொட்டை. நான் தேநீரும் பனங்கட்டியும் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அண்ணை, வரியைப் பாக்காதேங்கோ. கரையை மடிச்சுப் பாருங்கோ. உது சும்மா கிடந்து காஞ்ச ரயர், வெடிப்புத் தெரியுதல்லோ? மற்றது மொட்டை எண்டாலும் ஓடின ரயர். இன்னும் ஓடும்."

"மாப்பிளை வீட்டார் கரையை மடிச்சே பாக்கப்போயினம்? மொட்டையைப் பூட்டி வைச்சால் எங்களையும் மொட்டை எண்டெல்லோ நினைப்பினம்."

உள்ளேயிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, அவை பொம்பிளை பாக்க வருகினமோ, ரயர் பாக்க வருகினமோ?"

ரயர் ஒட்டுகிறவர் சிரித்துவிட்டார். "ரண்டையும்தான் பாப்பினம் தங்கச்சி. ஆனால் காலாலை தட்டிப் பாக்கிறது ரயரைத்தான்."

"நீ வாயை மூடு பிள்ளை" என்றார் இவர். வரி உள்ளதைத்தான் பூட்டச் சொன்னார்.

மாப்பிள்ளையும் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். மாமன் உண்மையிலேயே செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார். "நல்ல ரயராய்க் கிடக்கு. இந்தக் காலத்திலை எங்கை எடுத்தனீங்கள்?"

"வாங்கேக்கை இருந்ததுதான். நாங்கள் ஓடுறேல்லை" என்றார் இவர்.

மாப்பிள்ளை அமைதியான மனிதர். மகள் தேநீர் கொடுத்தபோது நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு துளி பெற்றோல் காட்டி எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு, சந்தி வரைக்கும் ஓடிப் பார்த்து வருவதாகப் போனார். தேநீர் குடித்து முடிந்தது. ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடிந்தது. அவரைக் காணவில்லை.

பிறகு படலையடியில் அவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின் ரயர் கிழிந்து தொங்கியது. காற்சட்டை முழங்காலில் இரத்தம்.

"வாங்கேக்கை இருந்த ரயரோ?" என்று மாமன் மெதுவாகக் கேட்டார். இவர் குனிந்து கிழிந்த றப்பரை உள்ளே தள்ளப் பார்த்தார்.

"முதல் பயணத்திலை இரத்தம் கண்டிட்டுது" என்றாள் தாய். மகள் மஞ்சளும் வெந்நீரும் கொண்டு வந்தாள். அவள் கிட்ட வருவதற்குள் அவர்கள் எழும்பிவிட்டார்கள். சாதகம் சரிவரவில்லை என்று பிறகு தரகர் வந்து சொன்னார். பொருந்தியது என்று சொன்னதும் அதே தரகர்தான்.

ரயர் ஒட்டுகிறவர் வந்து, கேட்காமலே மொட்டை ரயரைப் பூட்டிவிட்டுப் போனார். இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைத் துடைப்பும் நின்றது. வேறு ஒருவரும் கேட்டு வரவில்லை.

ஆமி கிட்ட வந்து, ஊரோடு வெளிக்கிட வேண்டி வந்தபோது மழை. மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. அரிசி மூட்டை, சட்டி பானை, உடுப்பு எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டி மகள் கைபிடியைப் பிடிக்க, நாங்கள் இருவரும் பின்னால் தள்ளினோம். சனத்துக்குள் நகர்ந்து நகர்ந்து போனோம். இவர் அடிக்கடி குனிந்து பின் ரயரைப் பார்த்தார்.

"அப்பா, ரயர் கிடக்கட்டும். முன்னுக்குப் பாத்து வாங்கோ" என்றாள் மகள்.

அந்த மொட்டை ரயர் வெடிக்கவில்லை. மாப்பிள்ளையின் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க இடம் கிடைத்தது. வாசலில் நின்ற ஒருவர், "ஆரின்ரை மோட்டச்சைக்கிள் இது? வழியிலை நிக்குது" என்று சத்தம் போட்டார்.

இவர் கைபிடியைப் பிடித்திருந்த மகளைப் பார்த்தார். பிறகு, "மகளின்ரை" என்றார்.

எத்தனையோ வருடத்தில் இவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மகளுக்கும் அது கேட்டது. அவள் மூட்டையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.