உள்ளூர் ஆள் – ஒன்று

மலையேறும் ஜீப்பில் முதலில் தேய்கிற உதிரிபாகம் டிரைவரின் இடுப்பு. இதைப் படிக்கும் சக டிரைவர்கள் இப்போதே ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருப்பீர்கள். பிடித்துக்கொண்டே படியுங்கள்.

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை பிசகினால் எதிராளி அதையே பிடித்துக்கொள்வான் என்பது துண்டறிக்கை படித்தும் எழுதியும் வளர்ந்தவனுக்குத் தெரியும். ஒன்று: ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் நின்ற என்னை, கேட்டுக்கு முன்னால் கூட்டம் போட்டதற்காக வெளியே தள்ளினார்கள். இரண்டு: வழக்கு பாதியில் இருக்கும்போது எங்கள் சங்கமே நிர்வாகத்தோடு பேசி முடித்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று: அந்தப் போராட்டத்தின் நினைவுக் கூட்டத்துக்குச் சங்கம் அடித்த நோட்டீஸில் என் பெயர் இல்லை. பட்டியலின் கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று இருந்தது. அந்தப் பலரில் நான் ஒருவன். முதல் இரண்டையும் செரித்துவிட்டேன். மூன்றாவது இன்னும் தொண்டையில் நிற்கிறது. நான்காவது என்று ஒன்று உண்டு. அதைச் செய்தவன் நான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

யூடியூப்பே தேவலை

சங்கத்தின் பிரச்சார ஜீப்பை மைக்கோடு ஓட்டிப் பழகிய கை. மில் போனபிறகு அந்தக் கைதான் சோறு போட்டது. மலையடிவாரத்தில் ஒரு தனியார் எஸ்டேட், மாந்தோப்பில் ஆரம்பித்து ஏலக்காட்டில் முடியும். அதற்குள் ஜீப்பில் ஆட்களை ஏற்றிப்போய் காடு காட்டுவதற்கு ஒரு டூர் ஆபீஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா டப்பாவோடு நேரே எங்களிடம் வருவார்கள். ஆறு ஓடை, நாற்பது வளைவு, பாறையும் சேறும்.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூன்று மணி நேரம் குலுக்கிக்கொண்டுபோய் உச்சிப் பாறையில் நிறுத்தினேன். கீழே கான்சாபுரத்து வயல்கள் முதல் கண்மாய்கள் வரை விரிந்து கிடந்தன. மழைமேகம் ஒன்று எங்கள் காலுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் மில், சங்கம் எல்லாம் மறந்துபோனது. அந்த அம்மா இடுப்பைத் தடவிக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்: “ஏங்க, யூடியூப்ல இதைவிட நல்லா தெரிஞ்சுச்சே. அதுல இடுப்பும் வலிக்கல.”

ரெண்டு தட்டு

ஜீப்பின் பின்படியில் ஒருவர் நின்றுகொண்டே வருவார். பெயர் வீரணன். மேலே பளியர் என்ற மலைவாசிகளின் குடியிருப்பைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒவ்வொரு ஓடையிலும் முதலில் அவர் குதிப்பார். கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அடிப்பாறையைக் காலால் தடவிப் பார்த்தபடி அக்கரைக்குப் போவார். அங்கிருந்து வலது கையைத் தூக்குவார். அந்தக் கை ஏறாமல் நான் கியர் மாற்றமாட்டேன். வண்டி கரையேறியதும் ஓடிவந்து பின்படியில் தொற்றிக்கொண்டு தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். ‘ஏறிட்டேன், போ’ என்று அர்த்தம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதிகம் பேச்சு கிடையாது. அந்த இரண்டு தட்டுதான் பேச்சு.

பயணிகளுக்கு அவர் ஒரு காட்சிப்பொருள். கம்போடு நிற்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். ஒரு கல்லூரிப் பையன் அவரை விடவேயில்லை. “புலி பாத்திருக்கீங்களா? எத்தனை தடவை? எவ்வளவு பக்கத்துல?” என்று குடைந்தான். வீரணன் கம்பில் ஒட்டிய அட்டையை உதறிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நான் பாத்தது ரெண்டு மட்டந்தான் சாமி. அது என்னைப் பாத்தது எம்புட்டுன்னு அதுகிட்டத்தான் கேக்கணும்.”

பெயர் கூப்பிடுதல்

எஸ்டேட் கேட்டில் ஒரு வழக்கம். உள்ளே போகும்போது டிரைவர் ஒரு தாளில் பயணிகளின் பெயர்களையும் தன் பெயரையும் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கு ட்ரிப் ஷீட் என்று பெயர். திரும்பி வரும்போது கேட்டுக்காரர் சங்கரபாண்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் “இருக்கேன்” என்று சொல்லவேண்டும். காட்டில் யாரையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

அந்தத் தாளில் பயணி, டிரைவர் என்று இரண்டே இரண்டு கட்டம். வீரணனுக்குக் கட்டம் இல்லை. அதனால் கீழ் ஓரத்தில் ‘உள்ளூர் ஆள் – 1’ என்று எழுதுவேன். எல்லா டிரைவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். சங்கரபாண்டி அந்த ஓரத்தைக் கூப்பிடுவதில்லை.

வீரணன் எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒருநாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “இதுல நம்ம பேரு எங்கன இருக்கு அண்ணாச்சி?” என்றார். நான் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, “உள்ளூர் ஆள்னு இருக்குல்லா, அது நீருதான்வே” என்றேன். அவசரம். வண்டியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: “அப்பம் நாளைக்கு வேற ஒருத்தன் வந்தா, அதுவும் நாந்தானா?”

நான் சிரித்தேன். தோழர்களே, நானும் ‘மற்றும் பலர்’ ஆக இருந்தவன்தான். இருந்தும் சிரித்தேன்.

எட்டுப் போச்சு, எட்டு வந்துச்சு

ஐப்பசியில் ஒரு மத்தியானம். சிவகாசியிலிருந்து ஏழு பேர். என்னையும் சேர்த்துத் தாளில் எட்டுப் பெயர், ஓரத்தில் உள்ளூர் ஆள் ஒன்று. மேலே போகும்போது வெயில். இறங்கும்போது மலை கறுத்துவிட்டது. மழைக்காகப் பின்பக்கத் தார்ப்பாயை இறக்கிக் கட்டினோம். வீரணன் தார்ப்பாய்க்கு வெளியே நனைந்துகொண்டே படியில் நின்றார். “உள்ள வாரும்வே” என்றேன். “உள்ள நின்னா ஓடை தெரியாது” என்று சொல்லிவிட்டார்.

நாலாவது ஓடையில் வழக்கம்போல அக்கரைக்குப் போய்க் கை தூக்கினார். நான் இறங்கினேன். நடுவில் பின்சக்கரம் பாறை வழுக்கி இறங்கிக்கொண்டது. அந்த நிமிஷம் தண்ணீரின் நிறம் மாறியது. மேலே எங்கோ கொட்டிய மழை செம்மண் கரைந்த நீராக வந்தது. வீரணன் மறுபடியும் ஓடைக்குள் இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். “இப்பம் அமுக்குங்க அண்ணாச்சி!” என்று கத்தினார். அமுக்கினேன். வண்டி துள்ளிக் கரையேறியது. அந்த ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் வழுக்கி ஓடைக்கே போய்விடும். உள்ளே எல்லோரும் “போங்க, போங்க” என்று அலறினார்கள். தகரத்தில் டக் டக் என்று இரண்டு தட்டு கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தட்டு கேட்டபிறகு நான் என்றைக்கும் திரும்பிப் பார்த்ததில்லை.

கேட்டில் சங்கரபாண்டி குடையைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக “இருக்கேன்” என்றார்கள். ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். கடைசியாக என் பெயர். நானும் இருந்தேன். சங்கரபாண்டி தாளை மடித்துப் பையில் வைத்தார். “எட்டுப் போச்சு, எட்டு வந்துச்சு அண்ணாச்சி. சரியா இருக்கு, வண்டிய எடுங்க.”

எவன் தேனுக்குப் போவான்

“வீரணா, இறங்கும்” என்று தார்ப்பாயைத் தூக்கினேன். படி காலியாக இருந்தது. அழுதவர் கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். பயத்தில் அதைத்தான் தகரத்தில் இடித்திருக்கிறார்.

ஓடைக்குத் திரும்பி ஓடினோம். ஓடை இருந்த இடத்தில் ஆறு ஓடியது. மறுநாள் காலையில் இரண்டு வளைவு தள்ளி, வேரில் மாட்டியிருந்த உடலை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் சின்ன வயசுக்காரர். என்னைத் ‘தலைவரே’ என்றுதான் அழைப்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார். ‘வீரணன் என்பவர் தேன் எடுக்கத் தனியாகச் சென்ற இடத்தில் தவறி ஓடையில் விழுந்தார். அவருக்கும் எங்கள் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை.’ நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. “ஷீட்டுல உள்ளூர் ஆள் ஒண்ணுன்னு இருக்கே, அது அவர்தானே” என்றேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை. “அது யாருன்னு யாருக்குத் தெரியும் தலைவரே? பேரு இல்லாம எழுதினது நீங்கதானே.”

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் வீரணனின் மனைவி செல்லத்தாய் நின்றிருந்தார். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் அழுவார் என்று நினைத்தேன், ஆனால் கோபப்பட்டார். “ஐப்பசியில எவன் தேனுக்குப் போவான்? தேனடை காஞ்சு கெடக்கும். இத எழுதுனா எங்க சனம் காறித் துப்பும், தொழில் தெரியாதவன்னு. அவிய வேலைக்கு வந்தாக, உங்க வண்டியத் தள்ளுனாக. அத எழுதிக் குடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்.”

கை மட்டும்

சிவகாசிக்காரர்களுக்குப் போன் போட்டேன். ஆறு பேர் ‘அந்தப் பதட்டத்தில் ஒன்றும் கவனிக்கவில்லை’ என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். நாற்பது வருஷமாக சாட்சி தேடி அலைந்தவன் நான். சாட்சிகள் எப்போதும் பதட்டத்தில்தான் இருப்பார்கள். ஏழாமவர், பாட்டில்காரர், மறுநாள் பஸ் ஏறி நேரிலேயே வந்தார். அச்சாபீஸில் பைண்டிங் வேலை பார்ப்பவராம். செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மேலே போகும்போது எடுத்தது, நாலாவது ஓடை. கூட வந்த ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். படத்தின் விளிம்பில், அக்கரையில், தூக்கிய ஒரு வலது கை. “முகம் விழலைங்க. கை மட்டும்தான் இருக்கு. இது போதுமா?”

இருந்தாக

வீரணன் சாவை விசாரிக்க வந்த அதிகாரி கேட்டிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் ஐந்து ஜீப் நின்றன. டிரைவர்கள், ஏறி உட்கார்ந்த பயணிகள், சங்கரபாண்டி, பாட்டில்காரர், குடியிருப்பிலிருந்து நடந்து வந்த சனங்கள், முன்னால் செல்லத்தாய். மேனேஜர் அந்த டைப் அடித்த தாளின் இன்னொரு பிரதியை என் பக்கம் தள்ளினார். நான் அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். இதற்கப்புறம் இந்த எஸ்டேட்டில் எனக்கு வண்டி கிடையாது என்று அவர் பார்வை சொன்னது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம், மில்லிலேயே பார்த்திருக்கிறேன்.

ட்ரிப் ஷீட்டை நான் திருத்தவில்லை. திருத்தினால் அது பொய்யாகிவிடும். ஒரு வெள்ளைத் தாளில் தனியாக எழுதியிருந்தேன்: ‘அன்றைய தாளில் உள்ளூர் ஆள் என்று குறிப்பிட்டது யாரை என்பது அதை எழுதிய எனக்குத் தெரியும். பெயரை எழுதாமல் விட்டது என் குற்றம். இரண்டு தட்டு கேட்டுத் திரும்பிப் பார்க்காததும் என் குற்றம்.’ எழுந்து நின்று அதை வாசித்தேன். பிறகு அன்று போனவர்களின் பெயர்களை, கேட்டு வழக்கப்படி, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பாட்டில்காரர் தன் பெயர் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு “இருக்கேன்” என்றார். மற்ற ஆறு பெயர்களுக்கும் பதில் இல்லை. என் பெயருக்கு நானே பதில் சொன்னேன். ஒன்பதாவதாகக் கூப்பிட்டேன்: “வீரணன்.”

ஓடிக்கொண்டிருந்த ஜீப் எஞ்சின்களை டிரைவர்கள் நிறுத்தினார்கள். சங்கரபாண்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. கூட்டத்தின் முன்னாலிருந்து செல்லத்தாய் சொன்னார்: “இருந்தாக.”

நாற்பது வருஷப் போராட்டத்தில் நான் முழுசாக ஜெயித்தது அந்த நாலெழுத்துப் பெயர் ஒன்றைத்தான், அதிலும் எதிராளி நானாகவே இருந்தேன்.