மனுநாள் வரிசையில்

“கலெக்டராவப் போறேங்கியே ஏளா, நம்ம தெருவுல ஒருத்தராவது கலெக்டரக் கிட்டப் போய்ப் பாத்திருக்காவளா?”

பிளஸ் டூ முடிவு வந்த அன்று, கடலோரத் திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சித்தி இப்படிக் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். “நான் ஏன் போய்ப் பாக்கணும்? நீங்கதான் வந்து என்னப் பாப்பிய” என்றேன்.

அப்பா அதை நம்பினார். அந்த வாரமே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டினார். எங்கள் பக்கம் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்தான் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். பரீட்சையில் பாஸானதற்கு வைத்தது அவர்தான் முதல். சீருடையில் நான், பின்னால் சிவப்பு விளக்கு வைத்த வெள்ளைக் கார், கீழே ‘வருங்காலக் கலெக்டர்’. அவிழ்த்த பிறகு அதை வீணாக்காமல் தன் மீன்பிடி வள்ளத்தில் வலைமேல் போர்த்திவைத்தார். கரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால், “கலெக்டரம்மா வாராவ, வழி விடுங்கலே” என்பார்கள். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பி.காம். முடித்தேன். கலெக்டர் பரீட்சையில் முதல்நிலையையே என்னால் தாண்ட முடியவில்லை. இடையில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கன்டெய்னர்களுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் தயார்செய்கிற வேலை. அவற்றில் கையெழுத்துப் போட்டு, சுங்க அதிகாரிகள் முன்னால் போய் நிற்க ‘ஜி கார்டு’ வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. முதலாளி அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும், “இந்தத் தடவ எழுதுதியாம்மா?” என்று கேட்பார்.

“நான் பெரிய பரீட்சைக்குப் படிக்கேன் அண்ணாச்சி.”

எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எழுதி கார்டு வாங்கினார்கள். நான் அடித்துக் கொடுத்த காகிதங்களில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய பரீட்சைப் புத்தகங்களையோ நான் தொட்டே வெகுநாளாகியிருந்தது.

கருவாடு காயப்போடும் இடத்துக்குக் கூரை கேட்டு, தெருப் பெண்கள் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குக் கிளம்பினார்கள். பேசுவதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீண்ட வரிசை. கலெக்டர் ஒரு பெண், ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். நான் எழுதிய மனுவை முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. என்ன பண்றீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். “இவளும் கலெக்டருக்குத்தாம்மா படிக்கா. இந்தா வந்துரும், அந்தா வந்துரும்னு பாத்துக்கிட்டு இருக்கோம்.”

அவள் குரலில் கேலியே இல்லை. எப்போது என்னை நம்பத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கலெக்டர் சிரித்தார். நல்ல சிரிப்பு. “இந்த வருஷம் எழுதினீங்களா?”

“இல்ல மேடம்.”

“போன வருஷம்?”

“இல்ல மேடம்.”

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அதற்குமேல் கேட்காமல் மனுவில் ஏதோ குறித்தார். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தோற்பது எனக்குப் பழகிப்போன விஷயம். ஒன்றும் செய்யாமல், அந்தப் பெயரை மட்டும் உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பது அங்கே, அத்தனை பேர் முன்னால்தான் எனக்கே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் சித்தி டிக்கெட்டை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். பிறகு, “எழுதலன்னா எழுதலன்னு எங்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா, ஏளா? அந்தம்மா முன்னால வாயக் குடுத்துட்டேன்” என்றாள். எனக்காக அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். கலெக்டர் பரீட்சை இனி இல்லை, சுங்கத்தில் ஒரு பரீட்சை எழுதப்போகிறேன் என்றேன். தைத்துக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையைத் தூக்காமல், “அதுல பாஸானா என்ன தருவாவ?” என்று கேட்டார்.

“கழுத்துல மாட்டிக்கிட அட்டை தருவாவ.”

“போட்டோ இருக்குமா?”

“இருக்கும். சின்னதா.”

அவர் இன்னொரு கிழிசலைத் தேடி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணாச்சியிடம் என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். எனக்குப் பின்னால் சேர்ந்து கார்டு வாங்கிய பெண்ணிடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் கேட்டேன். முதல் நாள் அவளைக் கேட்பதற்குத்தான் கூச்சமாக இருந்தது. போன சனிக்கிழமை பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். அப்பாவைத் தவிர தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. சித்தியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.