சீட்டு இல்லாமல் போன இரண்டு நாட்கள்

கட்டுரை அச்சாகிவிட்டது என்று மேடம்தான் போனில் அனுப்பினார். கூடவே ஒரு பூங்கொத்துப் படம், "உங்க உழைப்பும் இதுல இருக்கும்மா" என்று ஒரு வரி. பிரசவ ஆராய்ச்சி செய்கிற டாக்டர் அவர். அவருக்காக ஏழு மாதம் எர்ணாவூர் ஹவுசிங் போர்டு மாடிகளை ஏறி இறங்கி, கர்ப்பத்தில் பி.பி. ஏறிப் பிள்ளையை இழந்த பெண்களிடம் பேசி ஃபார்ம் நிரப்பியவள் நான்.

படிப்பதற்கு முன்பே மாடிப்படியில் நின்று மேல் வீட்டுப் பெண்ணிடம் கத்திச் சொன்னேன், "வந்துடுச்சு!" அவசரக்குடுக்கை என்று வீட்டில் என்னைச் சும்மா சொல்வதில்லை.

அந்தப் பெண்ணைப் பேசவைத்ததே நான்தான். எட்டாம் மாதத்தில் அவளுக்குத் தலைவலி, கண்ணெல்லாம் மங்கல். இரண்டு நாள் தொடர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். "மாசமா இருந்தா தலை வலிக்கத்தான் செய்யும், போய்ப் படு" என்று ஓ.பி. சீட்டுகூடப் போடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வலிப்பு. குழந்தை போய்விட்டது. மாமியார் அன்று முதல் ஒரே பேச்சு: மூன்று நாளும் ஆத்தா வீட்டில் படுத்துக்கிடந்து பிள்ளையைத் தின்றுவிட்டாள். புருஷனும் அதை நம்பினான்.

"புக்குல வருமாக்கா?" என்று கேட்டிருந்தாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு இங்கிலீசுல போட்ருந்தா, எங்க மாமியார் நம்பும்."

"வரும்" என்று சொல்லியிருந்தேன்.

வீட்டுக்குள் வந்து படிக்க ஆரம்பித்தேன்; நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அறிகுறி தோன்றியும் பெண்கள் வீட்டிலேயே தாமதித்தார்கள், அறியாமைதான் காரணம் என்று எழுதியிருந்தது. வாசலில் திருப்பி அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேடத்தின் அறையில் உட்கார்ந்து அவளுடைய ஃபார்மை நிரப்பிய நாள் நினைவுக்கு வந்தது. எங்கே தாமதம் என்பதற்கு மூன்று கட்டங்கள்: வீட்டில், வழியில், ஆஸ்பத்திரியில். நான் மூன்றாவதில் டிக் போடப் போனேன். மேடம் தடுத்தார். "சீட்டு இருக்கா? இல்லேன்னா அவங்க வந்ததுக்கு ரெக்கார்டு இல்லம்மா. வீட்டில்னு போடுங்க. விவரத்தை ஓரத்துல எழுதுங்க, நான் பாத்துக்கறேன்."

நம்பினேன். ஓரத்தில் இடம் போதாமல் பொடி எழுத்தில், இரண்டு நாள் கதையையும் எழுதினேன்.

கட்டுரையை மூடிய கையோடு மேடத்துக்குப் போன் போட்டேன். "ஓரத்துல எழுதினது என்னாச்சு மேடம்?"

"கட்டத்துக்குள்ள இருக்கறது மட்டும்தாம்மா கம்ப்யூட்டர்ல ஏறும்."

"பாத்துக்கறேன்னீங்களே?"

"ஒவ்வொருத்தர் கதையையும் இதுல எழுத முடியாதும்மா. நீங்க எமோஷனல் ஆகாதீங்க." குரலில் கோபமே இல்லை. குழந்தைக்கு ஊசி போடும்போது பேசுகிற குரல். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏழு மாதம் இந்த அம்மாவை நம்பி ஊர் வாயைக் கிளறினேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் அந்தப் பெண் மாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள்.

"படிச்சுக் காட்டு," என்றார் மாமியார். "எங்க கீது இவ போனது?"

"அதுல யார் பேரும் இல்ல," என்றேன்.

"பேரு எதுக்கு? போனாளுங்களா, போவலியா? இன்னா போட்டுகீது, அத்த சொல்லு."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம். நாளைக்கே வேறு யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொன்னால் அவளுக்குத்தான் இன்னும் அசிங்கம் என்று பயந்தேன்.

"வீட்லயே லேட் பண்ணிட்டாங்கன்னு போட்டிருக்கு."

மாமியார் சண்டைகூடப் போடவில்லை. "அத்தத்தான் நானும் சொல்லிகினு கீறேன்," என்று படியேறிப் போய்விட்டார்.

அவள் நகரவில்லை. "ரெண்டு தபா போனேன்னு உங்களாண்ட சொன்னேனா, இல்லியாக்கா?"

"சொன்னே."

"அப்பால யாரு அப்டிப் போட்டது?"

மேடம் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது. "டிக் போட்டது நான்தான்."

"நான் போனது தெரிஞ்சுகினேவா போட்டீங்க?"

"ஆமா," என்றேன். "தெரிஞ்சுதான்."