ஒன்பது நாள் அதிகம்

மேலவயல் கிளைத் தபால் ஆபீஸில் சந்தனம் என்பவர் ரன்னராக இருந்தார். 1924 ஆகஸ்டு முதல் தேதி வேலையில் சேர்ந்தார். 1948 ஜூலை 31 அன்று ஓய்வு பெற்றார். எங்கள் ஊரிலிருந்து திருமயம் ஏழு மைல். பஸ் கிடையாது. தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய் வருவதுதான் ரன்னர் வேலை. காலை ஐந்தரைக்கு எங்கள் ஊர்ப் பையோடு புறப்படுவார். திருமயத்தில் அதைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து வரும் பையை வாங்கிக்கொண்டு பதினொன்றே காலுக்குத் திரும்புவார். கையில் மணி கட்டிய ஈட்டி இருக்கும். பொட்டல் காட்டில் அந்த மணிச் சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்கும்.

நான் அந்த ஊர் ஆரம்பப் பள்ளியின் வாத்தியார். கிளை போஸ்ட்மாஸ்டர் வேலையும் என்னிடமே இருந்தது. பள்ளிக்கூடத்து ஓர் அறையில் குடியிருந்தேன். அதற்கு அடுத்த அறைதான் தபால் ஆபீஸ். பை வந்த நேரத்தைத் தினமும் ஆபீஸ் குறிப்பில் எழுதுவேன். இருபத்து நான்கு வருஷத்தில் சந்தனம் அரை மணிக்கு மேல் தாமதமாக வந்தது மூன்று நாள்தான்.

முதல் தாமதம் 1927 ஜூன் 22, புதன்கிழமை. பை வந்தது பன்னிரண்டு பத்துக்கு. "ரன்னர் 55 நிமிஷம் தாமதம். மனைவிக்குப் பிரசவம். ஆண் குழந்தை" என்று எழுதியிருக்கிறேன். குழந்தைக்கு முனியசாமி என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது 1931 பிப்ரவரி 9. அன்று சந்தனத்தின் மனைவி மூக்காயி வாந்திபேதியில் இறந்தார். அடக்கம் செய்துவிட்டு அவர் புறப்பட்டதால் பை மாலை ஆறு மணிக்கு வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஆள் இல்லை. பிள்ளையை உள்ளே விட்டு, வெளியே கொண்டியை மாட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்து பையை என்னிடம் இறக்கிய பிறகுதான் போய்த் திறப்பார். பக்கத்து வீட்டு ராக்காயி களையெடுக்கப் போகாத நாளில் சன்னல் வழியாகக் கஞ்சி கொடுப்பார். நான்கு மாதம் இப்படிப் போயிற்று.

ஜூன் 24 அன்று பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"இவனையும் சேத்துக்கங்க வாத்தியாரய்யா."

ஐந்து வயது முடிந்தால்தான் முதல் வகுப்பு. பிறப்புச் சான்று யாரிடமும் இராது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று எடுத்துக்கொள்வோம். முனியசாமியின் விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை.

"நாலுதானப்பா ஆகுது?"

"கை தன்னால வளரும்யா. அஞ்சுன்னு போட்டுக்கங்க. பூட்டுன வீட்டுக்குள்ள ஒரு நா அழுது தூங்கிருந்தான். மூஞ்சியில எறும்பு."

பதிவேட்டைத் திறந்து 22-6-1926 என்று எழுதினேன். நாளும் மாதமும் சரி. வருஷம் ஒன்று முந்தி. மறுநாள் முதல் அவர் விடியற்காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

பையன் நன்றாகப் படித்தான். ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கப் புதுக்கோட்டையில் ஒரு ஹைஸ்கூலில் முதல் பாரத்தில் சேர வேண்டும். இன்றைய ஆறாம் வகுப்பு. முப்பத்தைந்து இடத்துக்கு இருநூறுக்கு மேல் பிள்ளைகள் பரீட்சை எழுதுவார்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தகப்பனாருக்குக் கார்டு வரும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அங்கேயே விடுதி உண்டு.

தபால் வாங்க வரும் ஆவுடையப்பன் என்ற மளிகைக்காரர் ஒருநாள் சந்தனத்தைச் சீண்டினார்.

"ஏம்ப்பா சந்தனம், ஓட்டக்காரன் மகனுக்குப் பாரம் எதுக்கு? நீ தூக்குற பாரம் பத்தாதா?"

"நான் தூக்குறது ஒங்க கடைச் சீட்டுங்க. அது கனமில்ல, எல்லாம் வராத பாக்கிதான?"

ஆவுடையப்பனும் சிரித்துவிட்டார். அவர் போன பிறகு சந்தனம் என்னிடம் சொன்னார்.

"போக ஏழு மைலு, வர ஏழு மைலு. பேச ஒரு மனுசரில்லைய்யா. சில நா ஈட்டி மணிகிட்டப் பேசிக்கிட்டு வாரேன். அவனாச்சும் நாலு பேரு இருக்கிற ஆபீசுல உக்காந்து வேலை பாக்கட்டும்."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

1936 ஜூனில் முதல் தடவை எழுதினான். தகப்பனார் லீவு எடுத்தால் பை நிற்கும் என்பதால், விடியலில் மகனையும் திருமயம் வரை நடத்திக் கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். பையன் தனியாகப் போய் எழுதிவிட்டு, தனியாக நடந்து வந்தான். இடமில்லை என்று கார்டு வந்தது. மறுபடியும் ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார்ந்தான்.

1937இல் வந்த கார்டில், காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது என்று இருந்தது. சேர்ந்தவர்களில் யாராவது விலகினால் வரிசைப்படி கூப்பிடுவார்கள். ஜூலை முடிகிற வரைக்கும் கூப்பிடலாம்.

அந்த ஜூலை மாதத்தை நான் மறக்கவில்லை. பையின் வாய் கயிற்றால் கட்டி அரக்கு முத்திரை போடப்பட்டிருக்கும். போஸ்ட்மாஸ்டர்தான் உடைக்க வேண்டும். தனக்கு வர வேண்டிய கார்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஏழு மைல் சுமந்து வருவார். நான் முத்திரையை உடைத்துக் கடிதங்களைப் பிரிக்கும்போது வாசற்படிக்கு வெளியே நிற்பார். உள்ளே வரமாட்டார். ரன்னர் உள்ளே வரக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை.

"இன்னிக்கு இல்லப்பா."

"நாளைக்கு இருக்கும்யா."

ஒருநாள் மழையில் நனைந்து வந்தவர், "பாதி வழியில ஒரு புளியமரத்தடியில ஒதுங்கினேன். பையை மடியில வச்சுத் தடவிப் பாத்தேன். கார்டு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு" என்றார். அது ஆவுடையப்பனுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை.

பட்டியலில் முதல் இருவரைக் கூப்பிட்டதாகத் தெரிந்தது. மூன்றாமவரைக் கூப்பிடவில்லை.

1938இல் மூன்றாம் தடவை. ஜூன் 17 அன்று கார்டு வந்தது. முப்பத்தைந்து பேரில் பதினோராவது இடம். நான் வாசலுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். சந்தனம் கார்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. "இதுல பதினொண்ணு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் தானும் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

சேர்க்கைக்கு ராக்காயியின் புருஷன் பையனைக் கூட்டிப் போனார். அங்கே கிளார்க் என் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். ஜூலை முதல் தேதியில் பன்னிரண்டு வயது முடிந்தவர்களை முதல் பாரத்தில் சேர்ப்பதில்லை. 22-6-1926 என்றால் பன்னிரண்டு முடிந்து ஒன்பது நாள். உண்மையில் பையனுக்குப் பதினொன்றுதான் முடிந்திருந்தது.

முதல் இரண்டு வருஷமும் வயது இடித்திருக்கவில்லை. அதனால் எங்களில் யாரும் அதை நினைக்கவே இல்லை. வாத்தியாராகிய நான் நினைத்திருக்க வேண்டும்.

ஜூன் 30 அன்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் எனக்கு வந்தது. கொண்டு வந்தவரும் சந்தனம்தான். பையன் கெட்டிக்காரன் என்பதால் இடத்தை ஒரு வாரம் நிறுத்தி வைத்திருப்பதாகவும், பிறந்த தேதியில் பிழை உண்டானால் தக்க ஆதாரத்துடன் மறு தபாலில் தெரிவிக்கும்படியும் எழுதியிருந்தார். நல்ல மனிதர். நான் வாசித்துச் சொன்னதும் சந்தனத்தின் முகம் தெளிந்துவிட்டது.

"ஆதாரம் ஒங்ககிட்டயே இருக்கேய்யா. அவன் பொறந்தன்னிக்கு நான் லேட்டு. நீங்க குறிப்புல எழுதுனீங்க. வருசத்தோட இருக்குமுல்ல?"

"இருக்கு."

"அதை அப்படியே காப்பி பண்ணி அனுப்பிருங்க."

அன்று மாலை 1927ஆம் வருஷக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருந்தது, என் கையெழுத்தில். அதற்கு நான்கு வருஷம் கழித்து, அதே கையால், பதிவேட்டில் வேறு வருஷம் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், தெரிந்தே தப்பாக எழுதியவன் என்று ஆகும். ஆகஸ்டில் பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. பள்ளி வேலை போனால் தபால் வேலையும் போகும்.

மறுநாள் ஜூலை முதல் தேதி. பதில் எழுதினேன். "எங்கள் பள்ளிப் பதிவேட்டின்படி மேற்படி மாணவனின் பிறந்த தேதி 22-6-1926 என்பது சரியே." ஒரே வாக்கியம். பதிவேட்டில் இருந்தது அதுதான்.

நான்கு மணிக்குப் பையைக் கட்டுவது வழக்கம். அரக்கு உருக்க விளக்கைப் பிடிப்பவர் சந்தனம். அன்றும் பிடித்தார்.

"எழுதிட்டீங்களாய்யா?"

"எழுதிட்டேன்."

"அப்ப சரி."

விடியலில் அதைச் சுமந்துகொண்டு போனார். அன்று சரியாகப் பதினொன்றே காலுக்குத் திரும்பினார் என்று குறிப்பில் இருக்கிறது.

ஜூலை 6 அன்று, வயது மிகுதியால் சேர்க்க இயலவில்லை என்று கார்டு வந்தது. வாசித்துச் சொன்னேன். "சரிங்கய்யா" என்று வாங்கி மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஜூலை 7, மூன்றாவது தாமதம். பை மாலை நாலரைக்கு வந்தது. என்ன காரணம் என்று கேட்டேன். "கால் சுளுக்கிருச்சு" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

முனியசாமி அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. மாடு மேய்த்தான், செங்கல் சூளைக்குப் போனான். 1941 ஜனவரியில் மூக்காயியின் தம்பியோடு பினாங்குக்குக் கப்பலேறினான். இரண்டு கடிதம் வந்தது. இரண்டையும் சந்தனமே சுமந்து வந்தார். நானே வாசித்துக் காட்டினேன். இரண்டாவது கடிதத்தில், ஒரு தோட்டத்து ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்திருப்பதாகவும் அங்கே ஐந்து கிளார்க்குகள் இருப்பதாகவும் எழுதியிருந்தான். "நாலு பேருக்கு மேலயே இருக்காங்க" என்றார் சந்தனம். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அத்தோடு மலேயாத் தபால் நின்றது.

சண்டை முடிந்து மலேயாத் தபால் மறுபடி ஓடத் தொடங்கியது. மற்ற வீடுகளுக்கு ஒன்றிரண்டு வந்தன. முத்திரையை உடைக்கும்போது சந்தனம் அதே வாசற்படிக்கு வெளியே நிற்பார். "இல்லப்பா" என்று நான் சொல்வதில்லை, தலையசைப்பதோடு சரி. பிறகு அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, வழியில் பார்த்ததைச் சொல்வார். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த மரம் சாய்ந்தது, அவ்வளவுதான். ஒரு கால் மணி நேரம் இருக்கும். மறுமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக் கொண்டியை, உள்ளே யாரும் இல்லாவிட்டாலும், வெளியே போகும்போது மாட்டிவிட்டுத்தான் போவார்.

1948 ஜூலை 31 அன்று கடைசிப் பையை இறக்கினார். மணி பதினொன்று பன்னிரண்டு. ஈட்டியையும் மணியையும் ஒப்படைத்துக் கைநாட்டு வைத்தார். அதற்குமேல் என்னால் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சந்தனம், அன்னைக்கு ஹைஸ்கூலுக்கு நான் எழுதின பதில்..."

"தெரியும்யா."

"என்ன தெரியும்?"

"மறுவாரம் கார்டு வந்துச்சுல்ல. அதுக்கு மறுநா திருமயத்துல பையை வாங்கினேன், அப்படியே பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போயிட்டேன். அந்தக் கிளார்க்கு ஒங்க காயிதத்தை எடுத்து வாசிச்சாரு. ஒரு வரிதான் இருந்துச்சு. இன்னொருக்க வாசிங்கன்னேன். அதேதான் இருந்துச்சு."

"கால் சுளுக்குன்னு சொன்னியே."

"பையோட பஸ் ஏறுனேன்னு சொன்னா நீங்க எழுதணுமுல்ல. எழுதுனா என் வேலை போகும். ஒங்களுக்கு ஒங்க வேலை மாதிரிதான."

அவர் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பத்து வருசமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

சந்தனம் வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலால் தள்ளி நேராக்கினார்.

"கேட்டிருந்தா ஒங்களோட பேச்சு நின்னு போயிருக்கும். ஒரு நாளைக்கு எனக்கு ஒரு ஆளுதான்யா பேச. நீங்கதான் அது. மறுநா அந்தப் பையை யாருகிட்ட வந்து எறக்குறது?"

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கையில் ஈட்டி இல்லாததால் வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாதவரைப் போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு தபால் ஆபீஸுக்கு அவர் வரவில்லை. பேச வேறு எவரும் கிடைத்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. நானும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. 1951 மார்ச் 3 அன்று இறந்துபோனார்.

பதிவேட்டை நான் திருத்தவில்லை. நான் ஓய்வு பெற்றபோது அது அப்படியே அடுத்தவர் கைக்குப் போயிற்று. முனியசாமி எங்காவது உயிரோடு இருந்து, வேலைக்கோ வேறு எதற்கோ தன் வயதைக் காட்ட வேண்டி வரலாம். அவர் பிறந்தது பிரபவ வருஷம் ஆனி மாதம் 8, புதன்கிழமை. அதாவது 22-6-1927. அன்று மேலவயல் பை ஐம்பத்தைந்து நிமிஷம் தாமதமாக வந்தது. குறிப்பின் நகல் என்னிடம் இருக்கிறது.